வீட்டில் அரைத்த மா

இன்று நம் இல்லங்கள் பலவற்றில் ஆட்டுக்கல் கிணற்றடியிலே கேட்பாரற்றுக் கிடக்கின்றது. உரல் கவிழ்க்கப்பட்டு இருக்கையாகிவிட்டது. அம்மியோ மணப்பந்தலில் மாத்திரம் மரியாதை பெறுகின்றது. திரிகையைப் படத்திலே காட்டினால், இஃது யாது என்று வினவும் மாணவர் பலர். மா என்பது கடையிலே பொதியாக விற்கப்படும் பொருள் என்பதே வளர்ந்து வரும் தலைமுறையின் அறிவாக இருக்கின்றது.

பழைய காலமே பொற்காலம் என்று புலம்புவது நமது நோக்கமன்று. உரலும் உலக்கையும் பெண்களின் தோள்களை எவ்வாறு வருத்தின என்பதை நாம் மறந்தோமல்லோம். எனினும், தானியத்தையும் சரக்குகளையும் வீட்டிலேயே அரைத்துக்கொள்ளும் வழக்கம் அண்மைக் காலத்தில் பல நாடுகளிலும் மீண்டும் தலைகாட்டுகின்றது. ஆதலின், ஒரு பொருளை அரைக்கும்போது அதற்கு நேர்வது என்ன, அரைத்ததை எத்துணைக் காலம் வைத்திருக்கலாம், அரைக்கும் பாரத்தை யார் சுமப்பது என்னும் மூன்று வினாக்களையும் இவ்வாரம் ஆராய்வோம்.

தானியத்தின் காப்பு

தானிய மணி உயிருள்ள விதையாகும். முளைக்கும் காலம் வரையும் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வண்ணம் இயற்கை அதனை அமைத்துள்ளது. கோதுமை மணியை எடுத்துக்கொள்வோம். அதன் எடையில் ஏறக்குறைய 100க்கு 83 பங்கு உள்ளே இருக்கும் வெண்ணிற மாப்பகுதி. 14 அல்லது 15 பங்கு அதனைப் போர்த்திருக்கும் தவிடு. எஞ்சிய 2 அல்லது 3 பங்கே முளை. அளவிற் சிறிதாயினும் அம்முளையிலே எண்ணெயும், பி வகை விற்றமின்களும், ஈ விற்றமினும் செறிந்துள்ளன. தவிட்டிலே நார்ப்பொருளும் இரும்பு முதலிய தாதுப்பொருள்களும் உள்ளன. ஈரமும் பூச்சியும் அணுகாது வைத்தால் அம்மணி ஆண்டுக்கணக்கிற் கெடாதிருக்கும்.

அரைத்தவுடன் அக்காப்பு நீங்குகின்றது. ஒரு மணி எண்ணிறந்த துகள்களாகின்றது. துகள் ஒவ்வொன்றின் மீதும் காற்றுப் படுகின்றது. முளையில் அடங்கியிருந்த எண்ணெயும், அதனைச் சிதைக்கும் நொதியமும் ஒன்றோடொன்று கலக்கின்றன. நாள் செல்லச் செல்ல மாவிலே காறல் மணமும் கசப்பும் தோன்றுகின்றன. முழுமணி தன்னைத் தானே காக்கும். மாவைக் காப்பதோ அரைத்தவர் கடமை. அரைப்பதற்கும் உண்பதற்கும் இடையேயுள்ள காலத்தைக் குறுக்குதலே வீட்டில் அரைப்பதன் தலையாய பயனாகும்.

மனித குலம் நெடுங்காலம் இவ்வாறே வாழ்ந்தது. கலிலேயக் கடலருகே ஒஹாலோ என்னும் இடத்தில், ஏறக்குறைய 23,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல் ஒன்றின் மீது காட்டு வாற்கோதுமையின் மாத்துகள்கள் ஒட்டியிருக்கக் கண்டனர். பயிர்ச்செய்கை தோன்றுமுன்னரே மனிதர் தானியம் அரைத்தனர் என்பது இதனாற் பெறப்படும். அக்காலந் தொட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை கல்லே மா அரைத்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரிலும், பின்னர் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலும் உருளை ஆலைகள் பெருகின. அவ்வுருளைகள் மணியைப் படிப்படியாக உடைத்து, முளையையும் தவிட்டையும் வேறாகப் பிரித்துவிட்டன. எண்ணெய் நீங்கிய வெண்மா மாதக்கணக்கிற் கெடாதிருந்தது. கப்பலேறிக் கடல் கடந்தது. பெருநகரங்களின் பசியைத் தீர்த்தது. இந்நன்மையை மறுத்தல் நேர்மையன்று. ஆயினும், கெடாதிருத்தற்கென நீக்கப்பட்ட பகுதியிலேதான் சத்தின் பெரும்பங்கு இருந்தது.

தவிட்டின் கதை

தவிடு எத்துணை அரிய பொருள் என்பதை உலகம் அறிந்த வரலாறு சுவையானது. அதில் நம் இனத்தாருக்கும் ஓரிடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்காசிய நாடுகளில் பெரிபெரி என்னும் நோய் பரவியது. கால்கள் வலுவிழந்து, சிலருக்கு உடல் வீங்கி, ஈற்றில் இதயம் ஓய்ந்து மக்கள் மாண்டனர். 1890களில், இன்று ஜக்கார்த்தா எனப்படும் பத்தேவியாவில் ஆராய்ச்சி செய்த ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், வெள்ளையாகத் தீட்டிய அரிசிச் சோற்றை உண்ட கோழிகளுக்கு இந்நோயை ஒத்த தளர்ச்சி ஏற்படுவதையும், தீட்டாத அரிசியைக் கொடுத்தால் அவை தேறுவதையும் கண்டார். அரிசியில் ஒரு நஞ்சு உண்டென்றும், தவிடு அதனை முறிக்கின்றதென்றும் அவர் முதலிற் கருதினார். உடலுக்கு இன்றியமையாத ஒரு பொருள் தவிட்டோடு போய்விடுகின்றது என்று 1901இல் விளக்கியவர் அவருக்குப் பின் அப்பணியை ஏற்ற கிறைன்ஸ். அப்பொருளே இன்று தயமின் எனப்படும் பி1 விற்றமின். 1929இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அதே காலத்தில் மலாயாவிலே ஒரு புதுமை காணப்பட்டது. தீட்டிய பச்சையரிசியை உண்ட சீனத் தொழிலாளர் பெருந்தொகையினராய்ப் பெரிபெரியால் வருந்த, புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரும்பாலும் அந்நோய்க்கு ஆளாகவில்லை. மலாயாவிற் பணியாற்றிய பிறேடன் என்னும் ஆங்கில மருத்துவர் 1907இல் வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி மணியின் உள்ளே ஊறிச் சேர்ந்துவிடுகின்றது. பின்னர் தீட்டினாலும் அது முற்றாக நீங்குவதில்லை. நெல் அவித்த நம் மூதாட்டியர் இரசாயனம் கற்றாரல்லர். ஆயினும் அவர்தம் பானையே பல்லாயிரவரைக் காத்தது.

மாவிலும் அவர்கள் அத்தகைய நுட்பத்தைக் கையாண்டனர். ஊறவைத்த பச்சையரிசியை இடித்த மா ஈரமுடையது; அப்படியே வைத்தால் விரைவிற் புளித்துப்போகும். ஆகவே அதனை வறுத்தனர். கோதுமை மாவைத் துணியிற் கட்டி ஆவியில் அவித்தனர். வறுத்தலால் ஈரம் நீங்குகின்றது. வறுத்தலோ அவித்தலோ எதுவாயினும், எண்ணெயைச் சிதைக்கும் நொதியம் வெப்பத்தால் செயலிழக்கின்றது. யாழ்ப்பாணத்து வறுத்த மாவும் அவித்த மாவும் இடியப்பத்திற்கும் பிட்டிற்கும் சுவையூட்டுவதோடு, மாவைக் காக்கும் உபாயங்களுமாம்.

கோதுமையும் குரக்கனும்

இலங்கையிற் கோதுமை வணிகப் பயிராக விளைவதில்லை. ஆயினும் பாணும் கோதுமை மாப் பிட்டும் நம் அன்றாட உணவாகிவிட்டன. 1980ஆம் ஆண்டு திருகோணமலைத் துறைமுகத்தருகே பெரியதொரு மா ஆலை இயங்கத் தொடங்கிய பின்னர், மாவாக வந்த கோதுமை மணியாக வந்திறங்கி இங்கேயே அரைபடலாயிற்று. மணி வெளிநாட்டினது என்பது மாத்திரம் மாறவில்லை. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றிய வேளையில் கோதுமை மாவின் விலை ஏறிய வேகத்தை எந்த இல்லத்தரசியும் மறந்திருக்கமாட்டாள். அதற்கு முன், 1990களில் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றியும் எரிபொருள் அருமையுற்றும் கிடந்த நாட்களில், மூலையிற் கிடந்த உரலையும் அம்மியையும் திரிகையையும் மக்கள் மீண்டும் தேடி எடுத்தனர். தன் தானியத்தைத் தானே மாவாக்கவல்ல வீடு, இடுக்கண் வருங்கால் முற்றாகத் திகைப்பதில்லை.

நம் மண்ணில் விளையும் தானியங்களுள் வீட்டில் அரைத்தற்கு மிகவும் ஏற்றது குரக்கன். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் இருப்பதோ அதன் சிறு பின்னமே. தானியத்திலுள்ள பைற்றிக்கமிலம் அக்கல்சியம் முழுவதும் உடலிற் சேராவண்ணம் ஓரளவு தடுக்கும் என்பது உண்மை. குரக்கனை ஊறவைத்து முளைகட்டி, உலர்த்தி அரைத்தால் அத்தடை குறைகின்றது. கடையிலே வாங்கும் மாவில் இதனைச் செய்யவியலாது. மணியை வாங்கி வீட்டிலே பக்குவப்படுத்துவோரே செய்யலாம்.

மாவின் பருமனும் கருதத்தக்கது. இங்கிலாந்தில் நிகழ்த்தி 1988இல் வெளியான ஆய்வொன்றிலே, கோதுமையை முழுமணியாகவும், உடைத்தும், பரும்படியாக அரைத்தும், நுண்மாவாக அரைத்தும் உண்பித்துப் பார்த்தனர். துகள் நுண்மையாகுந்தோறும் உணவு விரைவிற் சமித்து, இன்சுலின் சுரப்பும் மிகுந்தது. சோளத்திலும் அவ்வாறே காணப்பட்டது. நீரிழிவு பெருகிவரும் இந்நாளில், பட்டுப்போன்ற மாவே சிறந்தது என்னும் எண்ணத்தை நாம் சற்றே தளர்த்துதல் நன்று. சிறிது கரடாக அரைத்த மாவிலே பிட்டும் நன்றாக உதிரும்.

தூளும் கலப்படமும்

மாவுக்குச் சொன்னது மிளகாய்த் தூளுக்கும் மல்லித் தூளுக்கும் பொருந்தும். மணமுடைய எண்ணெய்கள் மல்லி மணியின் உள்ளே அடங்கியிருக்கின்றன. தூளாக்கினால் அவை காற்றோடு கலந்து குறைகின்றன. ஓராண்டுக்குரிய தூளை ஒரே நாளில் இடித்து வைப்பதிலும், மாதந்தோறும் சிறிது சிறிதாக வறுத்து அரைப்பது மேல்.

இதனினும் பெரிய காரணம் கலப்படம். முழு மிளகாயிலே பிற பொருளைக் கலப்பது கடினம். தூளிற் கலப்பது எளிது. 2005ஆம் ஆண்டில் பிரித்தானியாவிலே நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்கள் கடைகளிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டன. சூடான் என்னும் செஞ்சாயம் கலந்த மிளகாய்த் தூள் ஒருவகைச் சுவைநீரிற் சேர்ந்து, அதன் வழியாக எண்ணற்ற உணவுகளிற் பரவியமையே காரணம். அச்சாயம் உணவுக்கு உரியதன்று, ஆலைத்தொழிலுக்கு உரியது.

எனினும் வீட்டில் அரைத்தால் எல்லாம் தூய்மை என்று எண்ணி ஏமாறலாகாது. வங்காளதேசத்தில் மஞ்சளின் நிறம் பொலிவதற்காக ஈயம் கலந்த மஞ்சட் சாயத்தைக் கிழங்கின் மீதே பூசி வந்தமை 2019இல் வெளியான ஆய்வினால் வெளிப்பட்டது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. ஆகவே கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறமுடைய கிழங்கை விலக்கி, மங்கிய நிறமுடையதை வாங்கிக் கழுவி உலர்த்தி அரைத்தல் வேண்டும். அவ்வாறே பூஞ்சணம் பிடித்த சோளத்தையும் நிலக்கடலையையும் அரைத்துப் பயன்படுத்தலாகாது. பூஞ்சணத்தின் நஞ்சு சமைத்தாலும் முற்றாக அழியாது. அரைத்தால் அது நீங்குவதில்லை. கண்ணுக்கு மறைவதே நிகழ்வது. அரைக்குமுன் தானியத்தைச் சுளகிலிட்டுப் புடைத்துத் தெரிவு செய்தல் அரைப்பதினும் முக்கியமான வேலையாகும்.

இறைச்சி அரைப்போருக்கு

நாம் மரக்கறி உணவினராயினும், இப்பகுதியை வாசிப்போர் யாவரும் அவ்வாறல்லர். ரோல்ஸ், கட்லட் முதலியவற்றுக்கென வீட்டில் இறைச்சி அரைப்போர் அறிந்திருக்க வேண்டியதைக் கூறாது விடுதல் முறையன்று. முழு இறைச்சித் துண்டில் நோய்க் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருக்கும். வெளிப்புறம் நன்றாக வெந்தால் அவை இறந்துவிடும். அரைக்கும்போதோ மேற்பரப்பில் இருந்தவை உள்ளும் புறமுமாகக் கலந்துவிடுகின்றன. 1993இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், நன்கு வேகாத அரைத்த மாட்டிறைச்சியை உண்டு 700க்கு மேற்பட்டோர் நோயுற்றனர்; 4 குழந்தைகள் உயிரிழந்தனர்.

ஆகவே இறைச்சியைக் குளிர்ந்த நிலையில் அரைக்க வேண்டும். அரைத்தவுடன் சமைக்க வேண்டும். உட்பகுதியின் வெப்பம் 71 பாகை செல்சியசை எட்டும் வரை வேகவைக்க வேண்டும். பொறியின் பாகங்களைக் கழற்றிச் சுடுநீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவி, உலர்த்தி வைக்க வேண்டும். கடையிலே முன்கூட்டி அரைத்து வைத்த இறைச்சியினும், துண்டாக வாங்கி வீட்டில் அரைத்தது நம்பத்தக்கது. ஆயின் இவ்விதிகளைக் காப்போருக்கே அந்நம்பிக்கை உரியது.

யார் அரைப்பது?

இனி மூன்றாவது வினாவுக்கு வருவோம். சிரியாவில் யூபிரத்தீசு நதியருகே அபு ஹுரைரா என்னும் புதிய கற்காலக் குடியிருப்பிற் கண்டெடுத்த எலும்புக்கூடுகளைத் தேயா மொல்லசன் என்னும் அறிஞர் ஆராய்ந்து 1994இல் எழுதினார். முழங்கால், முதுகின் கீழ்ப்பகுதி, கால் பெருவிரல் ஆகியவற்றில் தேய்வும் சிதைவும் காணப்பட்டன. நாள்தோறும் மணிக்கணக்காக முழந்தாளிட்டுக் கல்லின் மீது தானியம் அரைத்தமையால் விளைந்த ஊனம் அது என்பது அவரது முடிபு. அவ்வாறு சிதைந்தவை பெரும்பாலும் பெண்களின் எலும்புகளே. குடும்பத்தின் உணவு பெண்ணின் எலும்பிலே எழுதிய கணக்கு அது.

நம் இலக்கியமும் இதற்குச் சான்று. உலக்கை மாற்றி இடிக்கும் மகளிர் பாடும் வள்ளைப்பாட்டுச் சிலப்பதிகாரத்தில் உண்டு. மணிவாசகப் பெருமான் சுண்ணம் இடிக்கும் மகளிர் பாட்டாகவே திருப்பொற்சுண்ணம் அருளினார். அப்பாடல்களின் இனிமையிலே திளைக்கும் நாம், வேலை தோளை வருத்தாதாயின் அதனை மறக்கப் பாட்டு எதற்கு என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அம்மியில் அரைத்தல் பெண்களின் உடலுக்கு நல்ல பயிற்சி என்று உபதேசிக்கும் ஆடவர் இன்றும் உளர். அவர்தாமே அந்நற்பயிற்சியை மேற்கொள்ளக் கண்டிலோம்.

இன்று பெண்கள் பாடசாலையிலும் அலுவலகத்திலும் வைத்தியசாலையிலும் உழைத்து மாலையில் வீடு திரும்புகின்றனர். சத்துணவு என்னும் பெயரால் உலக்கையை மீண்டும் அவர்கள் கையிலே திணித்தல் அறமாகாது. கோயம்புத்தூரிலே 1950களில் உருவாகி வளர்ந்த மின் ஆட்டுக்கல்லும், பின்னர் வந்த மின் அரைப்பானும் நம் தாய்மாரின் தோள்களுக்குக் கிடைத்த விடுதலை எனின் மிகையாகாது. அவற்றை வாங்க இயலாதோர் தம் தானியத்தையும் சரக்கையும் தாமே தெரிந்து, கழுவி, உலர்த்தி, அயலிலுள்ள அரைக்கும் ஆலைக்குக் கொண்டு செல்லலாம். கல்லைச் சுழற்றுவது யார் என்பதினும், மணியைத் தெரிந்தெடுப்பதும் புதிதாக உண்பதும் நம் கையில் இருப்பதே முக்கியம். புடைத்தல், உலர்த்தல், அரித்தல், வறுத்தல், பாத்திரம் கழுவுதல் ஆகிய வேலைகளை வீட்டிலுள்ளோர் யாவரும் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். ஆண்பிள்ளைகள் இதற்கு விலக்கல்லர்.

செய்யும் முறை

அரிசிமா அரைக்க விரும்புவோர், தவிட்டின் செந்நிறம் நீங்காத சிவப்புப் பச்சையரிசியைக் கல் நீங்க அரித்து, இரண்டு மூன்று மணி நேரம் ஊறவிட்டு, நீரை வடித்து, துணியிற் பரப்பி வைக்கவும். கையிலே ஈரம் ஒட்டாத பதத்தில், மின் அரைப்பானிற் சிறிது சிறிதாக இட்டு, விட்டுவிட்டு அரைக்கவும். இடைவிடாது அரைத்தால் மா சூடேறும், பொறியும் கெடும். அரிதட்டில் அரித்து, எஞ்சும் கப்பியை மீண்டும் அரைக்கலாம். பின்னர் அடிகனமான தாச்சியில் மெல்லிய நெருப்பில் கிளறிக்கொண்டே வறுக்கவும். ஆவி அடங்கி, கையிலெடுத்துக் கோலமிட்டால் மணல்போற் சொரியும் பதமே ஏற்ற பதம். நன்றாக ஆறிய பின்னரே போத்தலில் அடைத்தல் வேண்டும்; சூட்டோடு அடைத்தால் ஆவி நீராகிப் பூஞ்சணம் தோன்றும்.

குரக்கனை மணல் போகப் பலமுறை கழுவி, நன்கு உலர்த்தி அரைக்கவும். தவிட்டோடு கூடிய எந்த மாவையும் ஓரிரு வாரத்துக்கு வேண்டிய அளவே அரைத்தல் நன்று. குளிர்ப்பெட்டியில் வைப்பின் மேலும் சில வாரம் இருக்கும். ஆலைக்குச் செல்வோர், முந்தியவர் மிளகாய் அரைத்தாரா என்று கேட்டறிந்து தம் மாவைக் கொடுக்கவும். புதிதாகக் கொத்திய அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் முதலில் சிறிது தவிட்டையோ பழைய அரிசியையோ அரைத்துக் கொட்டிவிட வேண்டும். அன்றேல் கற்றூள் உணவிலே சேரும். ஓடும் பொறியின் அருகே சிறு குழந்தைகளை விடலாகாது.

மாணவர் செய்து பார்த்தற்கு எளிய சோதனையொன்று உண்டு. ஒரு கைப்பிடி குரக்கனை இரண்டாகப் பங்கிடுக. ஒரு பங்கை இன்றே அரைத்துச் சிறு போத்தலில் அடைக்க. மற்றைப் பங்கை மணியாகவே வைத்திருக்க. நான்கு வாரம் கழித்து அம்மணியை அரைத்து, இரண்டு மாவையும் அருகருகே வைத்து முகர்ந்து பார்க்க. பின்னர் இரண்டிலும் சிறிது கூழ் காய்ச்சிச் சுவைக்க. கண்டதைக் குறிப்பேட்டிலே எழுதுக. நூலிற் படித்த பாடத்தை மூக்கும் நாவும் உறுதிப்படுத்தும்.

நம் வீடுகளில் உண்ணும் மா முழுவதையும் நாமே அரைத்தல் இக்காலத்தில் இயலாது. அதற்கு அவசியமும் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள், ஒரு தானியம், ஒரு வேளைக்குரிய அளவு என்று தொடங்கினாற் போதும். அந்நாளில் தந்தை மா அரிக்க, மகன் வறுக்க, மகள் அளந்து அடைக்க, தாய் சற்றே அமர்ந்திருக்க, அவ்வில்லத்துப் பிட்டு மேலும் சுவைக்கும் என்பதில் ஐயமில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமையே முயன்று பார்ப்போமாக.